கடைப் பெயர் ஒட்டிய ட்ராக்டர்

தம்பி,

செவ்வாய்க்கிழமை மாலை நீ என்மேல் கத்திவிட்டுப் போனை வைத்தாயே, அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அழைத்துப் பார்த்துவிட்டேன். மணி போகிறது, நீ எடுக்கிறாய் இல்லை. உன் அப்பாவின் போனிலிருந்தும் அழைத்தேன். அதையும் நான்தான் என்று கண்டுபிடித்திருப்பாய், அப்பா தானாக எவரையும் அழைக்கிற ஆள் இல்லையே. ஆகவே எழுதுகிறேன். நாளைக்கு வாணி வேலை முடிந்து ஈஸ்ட் ஹாமில் இறங்கி எங்கள் கடைக்கு வருவாள், அவளிடம் கொடுத்துவிடுவேன். உன் மனைவி கையால் வருகிற கடிதத்தை நீ வாசிக்காமல் தப்ப முடியாது, வாசித்தாயா வாசித்தாயா என்று கேட்டே உயிரை எடுத்துவிடுவாள். நாங்கள் இங்கே வருமுன் ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லதாய்ப் போயிற்று. என் பேச்சை நீ ஒருநாளும் ஆறுதலாக இருந்து கேட்டது கிடையாது, இதையாவது மெதுவாக வாசி.

நீ பாதியிலேயே போனை வைத்துவிட்டதால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது. கணினி வேலையை விட்டுவிட்டு எசெக்ஸில் காணி குத்தகைக்கு எடுக்கப் போகிறேன், கத்தரியும் மிளகாயும் கீரையும் போட்டு எங்கள் கடைத்தெருவிலேயே இறக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தடுத்தேனா? விமானத்தில் வந்து வாடிக் கிடக்கிற கத்தரிக்காயைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான், உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான். அந்த ட்ராக்டர்தான் எனக்கு ஒத்துவரவில்லை. சனிக்கிழமை அது வந்து இறங்கும்போது சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டாய். இந்தக் குடும்பத்தில் எது புதிதாக வாங்கினாலும் பழம் வைப்பது நான்தான். கடை வேனுக்கு வைத்தேன், உன் முதல் காருக்கு வைத்தேன், நீ சிறுவனாக இருந்தபோது உன் சைக்கிளுக்குக்கூட வைத்தேன். இதற்கு வைக்க மாட்டேன், இது பழுதானால் யார் வந்து திருத்துவான் என்று தெரியும்வரை வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒரே பிள்ளை ஆசையாக் கூப்பிடுறான், போகாட்டி அவன் என்ன நினைப்பான்?” என்று கேட்டார். நினைக்கட்டும் என்றேன்.

ட்ராக்டர் விற்கிற அந்தக் கடைக்கு நீ என்னை முதல் தரம் கூட்டிக்கொண்டு போன நாளிலேயே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. றப்பர் பூட்ஸ், நாய்ச் சாப்பாடு, வேலிக் கம்பி, இவற்றுக்கெல்லாம் நடுவில் ட்ராக்டர். நாய்ச் சாப்பாட்டுப் பையில் இருந்த அதே கடைப் பெயர், அதே பச்சை எழுத்தில் ட்ராக்டரின் முகத்திலும் இருந்தது. பெரிய கம்பனி ட்ராக்டரின் பாதி விலைதான் என்று நீ என் காதுக்குள் சொன்னாய். பாதி விலை என்றால் மற்றப் பாதியை எதில் குறைத்தான் என்றுதான் எனக்கு யோசனை போகும். விற்கிற பையன் நல்ல வடிவாகச் சிரித்தான். இதைச் செய்தது யார் என்று கேட்டேன். “நாங்கள்தான், மேடம்” என்றான். எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில் என்றேன். வெளிநாட்டில் எங்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு கம்பனி என்றான், சிரிப்புக் கொஞ்சம் குறைந்துவிட்டது. எந்த நாடு என்றேன். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டான். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். “அம்மா, விலையைப் பாருங்கோ. கேள்வி கேட்டுக் கேட்டு ஆளைக் கொல்லாதேங்கோ.” திரும்பி வருகிற வழியெல்லாம் நீ ட்ராக்டரின் குதிரைவலுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாய், நான் அந்தப் பையன் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவன் மழுப்புகிறான் என்று எனக்கு எப்படி உடனே தெரிந்தது என்று நினைக்கிறாய்? நானும் அதே மழுப்பலை மழுப்பித்தான் உன்னை வளர்த்தேன். எங்கள் கடைப் பெயரும் பிள்ளையார் படமும் போட்ட கறித்தூள் பையை எடுத்துப் பார்த்து, “இது நீங்கள் இடிக்கிறதோ?” என்று யாராவது கேட்டால், “ஓம், எங்கட தூள்தான்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். நான் ஒரு செத்தல் மிளகாயைக்கூட வறுத்தது கிடையாது. ஸ்ட்ரெதமில் இருந்த ஒரு அக்காதான் அதை வறுத்து அரைத்து அனுப்புவார். அதே தூள் வேறு கடைகளுக்கும் போகும், அங்கே அந்தந்தக் கடையின் பெயர். எங்கள் தூள்தான் திறம், மற்றக் கடைத் தூள் சரியில்லை என்று சொல்லி வாங்கிப் போகிற சனமும் உண்டு. நாங்கள் தலையாட்டுவோம். பிறகு அக்கா மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார், அப்பா வேறோர் இடத்தில் தூள் பிடித்தார். பையும் பெயரும் பிள்ளையாரும் மாறவில்லை, தூள் மட்டும் மாறியது. எவருக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமை ஆகவில்லை, மனோர் பார்க்கிலிருந்து ஒரு அம்மா பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “பிள்ளை, இது உங்கட தூள் இல்லை. என்ரை மனுசன் ஒரு வாய் வச்சிட்டுச் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டார்.” நான் பையைத் திருப்பி எடுத்துக் காசைக் கொடுத்தேன்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல நான் நின்றேன். பையில் இருந்த பெயர் வந்து பதில் சொல்லவில்லை. உன் ட்ராக்டருக்கு யார் நிற்பார் என்பதுதான் என் கேள்வி, வேறு ஒன்றும் இல்லை. பெரிய கம்பனி என்றால் ஊருக்கு ஊர் ஆள் இருப்பான், பழைய இரும்புக்காரனிடம்கூட அதன் சாமான் கிடைக்கும். கடைப் பெயர் ஒட்டிய ட்ராக்டருக்கு அந்தக் கடையை விட்டால் கதி இல்லை. ட்ராக்டரைவிட நாய்ச் சாப்பாட்டில் லாபம் கூட என்று அவர்கள் ஒருநாள் கண்டுபிடித்தால்? நீ உழவேண்டிய நேரத்தில் உள்ளே ஒரு சின்ன வளையம் உடைந்து, அது கப்பலில் வரும்வரை நீ காணிக் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பாயா? முதல் வருடமே விளைச்சல் காட்டாவிட்டால் காணிக்காரன் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டான் என்று நீயேதான் சொன்னாய். விட்டுவிட்டு வந்த வேலையும் திரும்பக் கிடைக்காது. அந்தச் சின்ன வளையத்தில் உன் முழு வாழ்க்கையும் தொங்குகிறது, நீயோ குதிரைவலு பேசுகிறாய்.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன். ஒரு பெண் எடுப்பதென்றால் நாங்கள் விசாரிக்காமல் எடுப்போமா? அவர்கள் காட்டுகிற படத்தையும் தருகிற பலகாரத்தையும் வைத்து எவரும் முடிவு எடுப்பதில்லை. ஆளுக்குத் தெரியாமல் அயலில் கேட்கவேண்டும். வாணியைப் பேசி வந்தபோது நான் மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன், கும்பிடுவதற்கு மட்டும் போகவில்லை என்பது இப்போது அவளுக்கே தெரியும். “என்னைப் பற்றி என்ன சொன்னவை, மாமி?” என்று இன்றைக்கும் நோண்டுவாள். “வாயாடி, ஆனா நல்ல பிள்ளை எண்டு சொன்னவை” என்று நானும் ஒவ்வொரு தரமும் சொல்வேன். சரி, பெண்ணுக்கு அயல் உண்டு, ட்ராக்டருக்கு அயல் எது? விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் சேர்விஸ் போன் எண் இருந்தது. போன வெள்ளிக்கிழமை அப்பா வங்கிக்குப் போன நேரம் பார்த்து அழைத்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் எடுத்தாள். எங்கள் ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகுதில்லை என்றேன்.

அதோடு வைத்திருக்கலாம். பெயர் என்ன என்று கேட்டாள், எனக்குச் சட்டென்று உன் பெயர்தான் வாயில் வந்தது. உன் பெயரில் ஒன்று பதிவாகியிருப்பதைக் கண்டுவிட்டாள், ட்ராக்டர் எங்கே நிற்கிறது என்றாள். எசெக்ஸ் விலாசம் எனக்கு எங்கே தெரியும்? பதற்றத்தில் கடை விலாசத்தைச் சொல்லிவிட்டேன். “ஆள் வருவார்” என்றாள். நான் துளியும் நம்பவில்லை. ஆள் வருவார் என்று சொல்லாத கம்பனி உண்டா? நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில் பொய்லர் பழுதானபோது, நாளைக்கு ஆள் வருவார் என்று சொல்லிச் சொல்லியே வீட்டுக்காரர் குளிர்காலம் முழுவதையும் கழித்தார். இதுவும் அப்படித்தான், ஒருவனும் வரமாட்டான், அதைச் சொல்லி உன்னை மறித்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம், ஐயோ தம்பி, வந்தேவிட்டான். பக்கத்துச் சேலைக் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் வேனை நிறுத்திவிட்டு, நீலச் சட்டையும் கையில் திருத்துகிற ஆயுதங்கள் போட்ட பெட்டியுமாக ஒரு பருத்த மனிதன் வாழைப்பொத்திக்கும் கருவாட்டுக்கும் நடுவால் நடந்து வந்து, ட்ராக்டர் எங்கே என்று கேட்டான். அப்பா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இஞ்சரும், ஆரோ ட்ராக்டர் எண்டு கேக்கிறான். எங்களிட்ட ஏது ட்ராக்டர்?” சேலைக் கடை முதலாளியும் புதினம் பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார். நான் அந்த மனிதனை ஒரு கதிரையில் இருத்தித் தேநீரும் இரண்டு மீன் றோல்ஸும் கொடுத்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். என் மகன் வாங்கப் போகிறான், கூப்பிட்டால் வருவீர்களா என்று பார்த்தேன் என்றேன். கெண்டின் அந்தத் தொங்கல் முனையில் இருந்து வந்திருக்கிறான், பாவம், முகம் சிவந்துவிட்டது. “நீங்கள் என்ன, போலீஸா?” என்று கேட்டுவிட்டு றோல்ஸைக் கடித்தான். இரண்டாவது றோல்ஸில் ஆள் ஆறிவிட்டான்.

நான் விட்டேனா? உங்களைப் போல எத்தனை பேர் என்றேன். இந்தப் பக்கம் முழுவதற்கும் தான் ஒருவன்தான் என்றான். சாமான் எங்கிருந்து வரும் என்றேன். ஒல்லாந்தில் ஒரு களஞ்சியம் இருக்கிறது, அங்கே இருந்தால் சில நாட்களில் வரும், இல்லாவிட்டால் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்றான். கடை ட்ராக்டர் விற்பதை நிறுத்தினால் என்றேன். “அப்போது எனக்கும் வேலை இல்லை” என்றான். விற்கிற பையன் இப்படியெல்லாம் சொல்லவில்லையே என்றேன். “அவன் விற்கிறவன்” என்றான். பொய் சொல்லாத ஆள் என்பது விளங்கியது, அதனாலேயே பயம் இன்னும் கூடியது. பின்னுக்குப் பழுதாகிக் கிடக்கிற மாவரைக்கிற மெசினைக் கொஞ்சம் பாருங்களேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். அதில் எங்கள் கம்பனிப் பெயர் இல்லை, தொடக்கூடாது என்றுவிட்டான். போகும்போது அவனுடைய சொந்த மொபைல் எண்ணைக் கேட்டேன். தயங்கினான். றோல்ஸ் சுற்றிய பையில் எழுதித் தந்தான். அவன் வேனில் ஏறி இருந்ததும், நான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டே அந்த எண்ணை அழைத்தேன். சும்மா ஒரு எண்ணை எழுதித் தந்துவிட்டுப் போகிறானோ என்று யாருக்குத் தெரியும்? வேனுக்குள் இருந்தபடி போனைக் காதில் வைத்து, கண்ணாடிக்கு ஊடாக என்னைப் பார்த்துச் சொன்னான்: “என்ன மேடம், ட்ராக்டர் இப்போது ஸ்டார்ட் ஆகிவிட்டதா?”

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அப்பாவுக்குத் தெரியாது. ஒருவன் போனை எடுத்துவிட்டான், தம்பி. நான் அழைத்தேன், அந்தப் பக்கத்தில் ஒருவன் எடுத்துவிட்டான். அதற்குத்தான் அழுதேன்.

உன் மாமா, என் தம்பி, தை மாதம் வன்னியிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் என்னோடு பேசினான் என்றுதான் உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். என்ன பேசினான் என்று இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. அவனிடமும் ஒரு ட்ராக்டர் இருந்தது. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் மலிவாக வாங்கினான். ஒருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு பெயர், விற்ற கடை பிறகு பூட்டிவிட்டது, ஆனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பச் சண்டை மூண்டு இடம்பெயர்ந்து போகும்போது இழுவைப் பெட்டியில் பிள்ளைகள், அரிசி, நடக்க ஏலாத மாமியார், கூரைத் தகரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். “அக்கா, ட்ராக்டர் நிண்டிட்டுது” என்றான். “சின்னச் சாமான் ஒண்டுதான். மற்ற ட்ராக்டருகளின்ரை ஒண்டும் இதுக்குப் பொருந்துதில்லை. சனமெல்லாம் போய்க்கொண்டிருக்கு. நாங்கள் இதை விட்டிட்டு நடக்கப்போறம்.” நான் இங்கே கடையில், சூடான அறையில் நின்றுகொண்டு, “திருத்த ஒருத்தரும் இல்லையோடா?” என்று கேட்டேன். சிரித்தான். “ஆர் அக்கா வருவினம்?” என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தால் மணி போகும், எவரும் எடுப்பதில்லை. வைகாசியில் சண்டை முடிந்த பிறகு மணியும் போகவில்லை. முகாமில் கண்டதாக ஒருவர் சொல்கிறார், அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது?

எசெக்ஸ் வன்னி இல்லை என்பது எனக்கும் தெரியும். உன் ட்ராக்டர் நின்றால் நீ காரில் ஏறி வந்து என் கையால் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். புத்திக்கு விளங்குகிறது, நெஞ்சு கேட்குதில்லை. பழுதானால் யார் வருவார் என்று நான் கேட்டது உன் மாமா என்னிடம் கேட்ட கேள்விதான். நீ அதைக் கிழவியின் கரைச்சல் என்று நினைத்தாய், உன்மேல் பிழை இல்லை, நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே. ஆனால் செவ்வாய்க்கிழமை, இன்னும் வந்து சேராத ட்ராக்டர் எப்படிப் பழுதானது என்று அந்தக் கடைக்காரர்கள் உன்னிடம் கேட்டு, நீ வெட்கப்பட்டு, “இனி என்ரை விசயத்தில தலையிடாதேங்கோ” என்று எனக்குக் கத்திவிட்டு, இரண்டு நாளாகப் போன் எடுக்காமல் இருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. மணி போய்க்கொண்டே இருக்கிற சத்தம் எனக்கு இனி வேண்டாம்.

நேற்று அந்தக் கடைக்கு நானே அழைத்து, பிழை என்னுடையது, மகனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சனிக்கிழமை ட்ராக்டர் வரும். வாங்கு. நான் இன்னும் நம்பவில்லை, ஆனால் வாங்கு. தேயக்கூடிய பெல்ட், ஃபில்டர் எல்லாம் அன்றைக்கே இரண்டாகக் கேட்டு வாங்கி வை, விற்கிற அன்று கேட்டால்தான் முகம் சுளிக்காமல் தருவார்கள். இன்னொன்று, அந்த மெக்கானிக்கிடம் நான் கேட்ட ஒரு கேள்வியை இன்னும் உனக்குச் சொல்லவில்லை. கறித்தூள் விற்றவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். இதே ட்ராக்டரை வேறு எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லையே என்றான். ஜெர்மனியில் ஒரு கடை நீலப் பெயின்ட் அடித்து வேறு பெயரில் விற்கிறதாம், உள்ளே இருப்பதெல்லாம் இதேதானாம். அதன் சாமான் இதற்குப் பொருந்துமாம். நீ ஜெர்மன் பேசுகிற பிள்ளை. இதை வாசித்ததும் அங்கே அழைத்து விசாரி, இங்கே இல்லாத சாமான் அங்கே இருக்கிறதா என்று கேள். அந்த ஜெர்மன் கடைப் பெயரையும் மெக்கானிக்கின் எண்ணையும் வாணியிடம் கொடுத்துவிடுகிறேன். என் தம்பிக்குப் பொருந்தாத சாமான் உனக்குப் பொருந்தட்டும்.

சனிக்கிழமை காலை அப்பாவோடு வருகிறேன். பழம் நானே பொறுக்கிக்கொண்டு வருவேன், நாலு சக்கரத்துக்கும் நல்ல சாறுள்ள பழமாக. முதல் தரம் நீதான் ஓட்டவேண்டும், நான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டு இருப்பேன், கேள்வி ஒன்றும் கேட்க மாட்டேன். ட்ராக்டர் சத்தத்தில் போன் மணி கேட்காது என்று வாணி இப்போதே உனக்காகச் சாட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டாள். சட்டைப் பையில் வைத்துக்கொள், மணி கேட்காவிட்டாலும் அதிர்வது தெரியும். நான் அழைத்தால், உழுகிற நடுவிலே என்றாலும், அதை நிறுத்திவிட்டு எடு. “என்னம்மா” என்று எரிந்து விழு, பரவாயில்லை, உடனே வைத்தும் விடு. எடுத்தால் போதும்.

அம்மா